அஞ்சு பேப்பர்லயும் அதே தப்பு

ஹாஃப் இயர்லி பேப்பர் குடுக்கற அன்னிக்கு ஜுவாலஜி மிஸ் எங்க அஞ்சு பேரை மட்டும் ஸ்டாஃப் ரூமுக்கு வர சொன்னாங்க. போனா மேஜை மேல அஞ்சு பேப்பரும் வரிசையா விரிச்சு வச்சிருக்கு, அஞ்சுலயும் ஒரே பக்கம், ஒரே எடத்துல செகப்பு வட்டம். கேள்வி அண்ட செல் உருவாக்கம், அதாவது முட்டை எப்படி உருவாகுதுன்னு, அஞ்சு மார்க். நாங்க அஞ்சு பேரும் ஒரு வார்த்தை மாறாம எழுதி வச்சிருந்தோம், முதல்நிலை அண்ட செல் மெட்டாஃபேஸ் 2ல நிக்கும், இரண்டாம்நிலை அண்ட செல் புரோஃபேஸ் 1ல நிக்கும்னு. அப்படியே தலைகீழ். (புரோஃபேஸ், மெட்டாஃபேஸ்ங்கறது செல் பிரியறப்ப வர கட்டங்க, 1, 2ங்கறது மொத பிரிவு, ரெண்டாவது பிரிவு.)

"காப்பியா?"னு கேட்டாங்க. இல்ல மிஸ்னோம். நெஜமாவே இல்ல, மூணு பேர் ஒரு ஹால், ரெண்டு பேர் வேற ஹால். மிஸ் கொஞ்ச நேரம் பாத்துட்டு சொன்னாங்க, "காப்பி அடிச்சிருந்தா கூட பரவால்லடி, நல்லா படிக்கிறவ பேப்பரா பாத்து அடிச்சிருப்பீங்க, இது அத விட கேவலமா இருக்கு."

தப்பு எங்க இருந்து வந்துச்சுன்னு தேடினா, எங்க குரூப்ல மைக்குனு ஒருத்தி (குரல் அப்படி, மூணாவது தெருவுல பேசினா நம்ம வீட்ல கேக்கும்) ஏதோ ஒரு வீடியோவ ஒன்றரை ஸ்பீடுல ஓட விட்டு நோட்ஸ் எழுதிருக்கா, அதுல அம்புக்குறி மாறி போச்சு. அந்த பக்கத்த போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல போட்டா. நாங்க நாலு பேரும் "தேங்க்ஸ் டி, உயிர காப்பாத்தின"னு இதயம் எல்லாம் போட்டு அப்படியே மனப்பாடம் பண்ணிட்டோம். ஒருத்தி கூட புக்க தொறந்து பாக்கல.

இதுல வெக்கப்பட வேண்டிய விஷயம் என்னன்னா, புக்கு கூட வேணாம், ஒரு நிமிஷம் யோசிச்சா போதும், அது வரவே வராதுன்னு தெரியும். முதல் பிரிவு முடிஞ்சாதான் இரண்டாம்நிலை செல்லே பொறக்கும், அப்புறம் அது எப்படி திரும்ப முதல் பிரிவோட புரோஃபேஸ்ல போய் நிக்கும்? சரியான கதை இதுதான்: பொண்ணு குழந்தை அம்மா வயித்துல இருக்கும்போதே முதல்நிலை அண்ட செல்லெல்லாம் உருவாகி புரோஃபேஸ் 1ல நின்னுடும், வயசுக்கு வந்தப்புறம் மாசத்துக்கு ஒண்ணுங்கற கணக்குல முதல் பிரிவ முடிச்சு, இரண்டாம்நிலை செல்லா மாறி மெட்டாஃபேஸ் 2ல நிக்கும், விந்து செல் உள்ள வந்தாதான் மிச்ச பிரிவு முடியும். வராட்டி முடியாமலே போயிடும். அதாவது எங்க அம்மாவ எங்க பாட்டி சுமந்துட்டு இருந்தப்பவே நானா ஆகப்போற செல் அம்மா வயித்துல புரோஃபேஸ் 1ல காத்துட்டு இருந்திருக்கு. இத யாராவது இப்படி சொல்லிருந்தா நான் மறந்திருப்பேனா?

நாங்க 2023ல பப்ளிக் எழுதின பேட்ச். வியாசர்பாடி பக்கம் ஹவுசிங் போர்டு, தமிழ் மீடியம், பயாலஜி குரூப். தெரியாதவங்களுக்கு சொல்லிடறேன், ஸ்டேட் போர்டு பிளஸ் டூ பயாலஜின்னா ஒரே பரீட்சைல ரெண்டு பேப்பர் மாதிரி, தாவரவியல் 35, விலங்கியல் 35, மொத்தம் 70. ஒவ்வொண்ணுலயும் எட்டு ஒன் மார்க், நாலு டூ மார்க், மூணு த்ரீ மார்க், ரெண்டு ஃபைவ் மார்க். ஹாஃப் இயர்லில எனக்கு 70க்கு 38. எங்க அஞ்சு பேர்ல அதான் ரெண்டாவது பெரிய மார்க்கு, அத வச்சே எங்க நெலமைய புரிஞ்சுக்கலாம்.

அது வரைக்கும் நாங்க ஒருத்தருக்கொருத்தர் ஹெல்ப் பண்றோம்னு நெனச்சிட்டு இருந்தது என்னன்னா, யாராவது டவுட் கேட்டா உடனே ஆன்சர தூக்கி போடறது. கைடு பக்கம், யூடியூப் லிங்க்கு, யாரோட சீனியரோட நோட்ஸ், பிடிஎஃப் மேல பிடிஎஃப். என் போன்ல மெமரி ஃபுல்லாயிடுச்சு, தலைல ஒண்ணும் ஏறல. கேட்டவளுக்கு கெடச்சிருச்சுங்கற நிம்மதி, குடுத்தவளுக்கு குடுத்துட்டோம்ங்கற பெருமை, ரெண்டு பேருமே படிக்கல.

ஸ்டாஃப் ரூம்ல இருந்து வெளிய வந்ததும் தாத்தாதான் ஆரம்பிச்சா. தாத்தாங்கறது எங்க கூட படிச்ச பொண்ணு, எதுக்கெடுத்தாலும் கைய பின்னாடி கட்டிட்டு பெரியவங்க மாதிரி பேசுவா, அதான் அந்த பேரு. "இனிமே எவளும் ஆன்சர் போடக்கூடாது, கேள்வி மட்டும்தான் போடணும்"னா. மைக்கு "அப்ப டவுட்டு கேட்டா?"ன்னா. "டவுட்டு கேட்டா திரும்ப ஒரு கேள்வி கேளு, புக்குல எந்த பக்கம்னு வேணா சொல்லு, அவ்ளோதான்." எனக்கு செம கடுப்பு, இது என்னடா புது சட்டம்னு. ஆனா அந்த செகப்பு வட்டம் கண்ணுலயே நின்னுச்சு, அதனால சரின்னுட்டேன்.

சாயங்காலம் ஆறு டு எட்டு எங்க பிளாக் மொட்டை மாடி. ஒரு நாளைக்கு ஒரு பாடத்துல பாதி. ஆளுக்கு மூணு கேள்வி எழுதிட்டு வரணும், புக் பேக்ல இருக்கறது செல்லாது, உள்ள இருந்து எடுக்கணும், அந்த பதில் எந்த வரில இருக்குன்னு காட்ட தெரியணும். பதில் சொல்றவ புக்க மூடிட்டு வாய் விட்டு சொல்லணும், அவ முடிக்கற வரைக்கும் மத்தவங்க வாய தொறக்க கூடாது. இந்த கடைசி ரூல்தான் ரொம்ப கஷ்டம், மைக்கு ரெண்டு கையாலயும் வாய பொத்திட்டு உக்காந்திருப்பா, கண்ணு மட்டும் பிதுங்கும். ஆனா அதுலதான் விஷயமே இருந்துச்சு. பக்கத்துல ஒருத்தி எடுத்து குடுத்துட்டா "ஆமா ஆமா அதான் சொல்ல வந்தேன்"னு நம்ம மனசு நம்மள ஏமாத்திடும், யாரும் எடுத்து குடுக்கலன்னா அந்த அமைதில நமக்கு தெரியாதது நமக்கே தெரிஞ்சிரும்.

கேள்வி எழுதறது எவ்ளோ கஷ்டம்னு அப்பதான் தெரிஞ்சுது. மொத வாரம் எல்லாரும் "வரையறு", "என்றால் என்ன"னே எழுதிட்டு வந்தோம். ரெண்டாவது வாரத்துல தாத்தா ஒண்ணு கேட்டா, "ஒரு முதல்நிலை விந்து செல்லுல இருந்து நாலு விந்து வருது, ஒரு முதல்நிலை அண்ட செல்லுல இருந்து ஒரே ஒரு முட்டைதான் வருது, மிச்சம் எங்க போச்சு, ஏன் அப்படி வீணாக்குது?" போலார் பாடி, அதாவது முட்டையாகாம ஒதுங்கற குட்டி செல்லுங்கற பதில் எல்லாருக்கும் தெரியும். ஏன்னு யாருக்கும் சொல்ல வரல. அர மணி நேரம் அடிச்சிக்கிட்டோம், கடைசில குண்டூசிதான் (கையெழுத்து அவ்ளோ பொடிசு) சொன்னா, கருவுக்கு ஆரம்பத்துல தேவையான சைட்டோபிளாசம் எல்லாம் ஒரே செல்லுக்கு போகட்டும்னுதான் சமமா பிரியலன்னு. "கல்யாண சாப்பாட்ட நாலு பேருக்கு பிரிச்சா ஒருத்தருக்கும் வயிறு ரொம்பாது"ன்னா. அவ பதில்ல எனக்கு அந்த படமே பதிஞ்சிருச்சு.

ஞாயித்துக்கெழமை கோட்டூர்புரம் போவோம், அண்ணா நூற்றாண்டு நூலகம், சொந்த புக்கு எடுத்துட்டு போயி உக்காந்து படிக்கறதுக்கு அங்க தனி எடம் இருக்கு, ஏசி வேற. வீட்ல "லைப்ரரி போறேன்"னா யாரும் தடுக்க மாட்டாங்க. பீச் ஸ்டேஷன்ல மாறி பறக்கும் ரயில்ல போவோம், ரயில்லயே ஒன் மார்க் ஓடும். பாதி நாள் அங்க தூக்கம்தான், அத மறைக்க விரும்பல.

ஆனா அங்க போயிட்டு வர வழில ஒரு எளநி வண்டிகிட்ட நடந்தது இன்னிக்கும் எனக்கு மறக்கல. அன்னிக்கு காலைல கருவூண் திசு படிச்சிருந்தோம், அதான் எண்டோஸ்பெர்ம், விதைக்குள்ள கருவுக்கு சாப்பாடா இருக்கற திசு. சுதந்திர உட்கரு வகை, செல் வகை, ஹீலோபிய வகைன்னு மூணு. எனக்கு மொத ரெண்டும் எப்பவும் கொழப்பம். எளநிக்காரர் கத்திய கைல வச்சிட்டு வழக்கம் போல கேட்டாரு, "தண்ணியா வேணுமா, வழுக்கையா வேணுமா?" தாத்தா உடனே கைய பின்னாடி கட்டிட்டு, "அண்ணே, இவளுக்கு சுதந்திர உட்கரு, எனக்கு செல்"லுன்னா. அவரு முழிச்சாரு. எனக்கு ஒரு செகண்ட் கழிச்சுதான் வெளங்குச்சு. எளநி தண்ணின்னு நாம குடிக்கறதே கருவூண் திசுதான், உட்கரு மட்டும் பிரிஞ்சு பிரிஞ்சு போயிட்டே இருக்கு, நடுவுல சுவர் கட்டல, அதனால தண்ணியா இருக்கு. அப்புறம் ஓரத்துல இருந்து செல் சுவர் வந்து படிய ஆரம்பிச்சா அதான் வழுக்கை, அது முத்தினா தேங்கா பருப்பு. அதாவது அவரு தினம் நூறு பேர்கிட்ட கேக்கற கேள்வி எங்க டூ மார்க் கேள்வி.

அவரு காய வெட்டி குடுத்தப்ப நான் ஸ்பூன் மட்டையால சொரண்டி பாத்தேன், உள்ள கண்ணாடி மாதிரி மெல்லிசா ஒரு ஏடு, கைய வச்சா வழுக்கிட்டு போகுது. பக்கத்து வண்டில தேங்கா பூ வித்துட்டு இருந்தாங்க, மைக்கு அத காட்டி "அப்ப இது என்ன?"ன்னா. பதில் போடக்கூடாதுங்கற ரூல் ரோட்லயும் உண்டு. ரயில் ஏறி திருவல்லிக்கேணி வர வரைக்கும் சண்ட. முளைக்கற தேங்காய்ல கருவோட வித்திலை உள்ள பெருசாகி பஞ்சு மாதிரி ஆகி அந்த தண்ணியயும் பருப்பயும் உறிஞ்சி வளருது, அதான் அந்த பூ. அப்ப அது கருவூண் திசு கெடையாது, அத திங்கற ஆளு. அன்னிக்கு அப்புறம் கருவூண் திசு ஏன் 3என், அதாவது மூணு செட் குரோமோசோம் (ரெண்டு துருவ உட்கரு, ஒரு ஆண் கேமீட்), கரு ஏன் 2என், ரெண்டும் ஒரே நேரத்துல எப்படி உருவாகுதுன்னு எத மாத்தி கேட்டாலும் எனக்கு தடுமாறல. இரட்டைக் கருவுறுதல 1898ல நவாஸ்சின் கண்டுபிடிச்சாருங்கற ஒன் மார்க்கும் அந்த எளநியோட சேந்து ஒட்டிக்கிச்சு, ஏன்னு தெரியல.

மாடில படிச்சதுல மலேரியா பாடம் ஒண்ணு சொல்லணும். மலேரியா கிருமி பிளாஸ்மோடியத்தோட வாழ்க்கை சுழற்சி படத்த பாத்தாலே தல சுத்தும், மனுஷன்ல பாதி, கொசுல பாதி. நாங்க அத அஞ்சு பேரும் பிரிச்சிக்கிட்டோம். ஒருத்தி எந்திரிச்சு "நான் ஸ்போரோசோயிட், கொசுவோட எச்சில்ல இருக்கேன், கடிச்சதும் நேரா கல்லீரலுக்கு போறேன்"னு சொல்லி நகரணும், அடுத்தவ மீரோசோயிட், ரத்த செவப்பணுக்குள்ள போவா, அங்க முத்திரை மோதிர நிலை, அணு வெடிச்சு ஹீமோசோயின் வெளிய வரும்போது குளிர் ஜுரம், அதுக்கு மைக்கு நெஜமாவே நடுங்கி காட்டுவா. அப்புறம் கேமீட்டோசைட், திரும்ப கொசு வயிறு, ஊகைனீட், ஊசிஸ்ட். அடுத்த நாள் ஆள மாத்திடுவோம், இல்லன்னா அவங்கவங்க நிலை மட்டும்தான் தெரியும்.

ஒரு நாள் நாங்க இப்படி ஆடிட்டு இருக்கும்போது கார்ப்பரேஷன்ல இருந்து தண்ணி தொட்டி பாக்கற அக்கா மேல வந்துட்டாங்க. என்னடி கூத்துன்னாங்க. சொன்னோம். சிரிச்சிட்டு தொட்டி மூடிய தெறந்து டார்ச் அடிச்சு எங்கள கூப்பிட்டாங்க, ஓரத்துல ரெண்டு மூணு புழு. "தண்ணிக்கு அடியில தலைகீழா தொங்குது பாரு, இது டெங்கு கொசு. மலேரியா கொசு புழுன்னா இப்படி தொங்காது, தண்ணி மேல மட்டமா படுத்த மாதிரி இருக்கும். இந்த ஊர்ல அதுவும் மாடி தொட்டியிலயும் கெணத்துலயும்தான் முட்ட போடும்." அந்த மலேரியா கொசுவுக்கு அனாஃபிலஸ் ஸ்டீஃபன்சைனு பேரு எல்லாம் நான் அப்புறம் படிச்சேன், ஆனா அந்த மட்டமா படுக்கறது, தொங்கறது ரெண்டும் அந்த அக்கா கைய வச்சு காட்டின மாதிரியே ஞாபகம் இருக்கு. போறப்ப தொட்டிய மூடி வைக்கலன்னு எங்க பிளாக்குக்கு ஒரு டோஸும் விட்டுட்டு போனாங்க.

உவமை வச்சு படிக்கறதுல ஒரு ஆபத்து இருக்கு, அத நான் சொந்த காசுல கத்துக்கிட்டேன். லாக் ஓபரான், அதாவது பாக்டீரியாவுல லாக்டோஸ் சர்க்கரைய பயன்படுத்தற ஜீன்கள் எப்ப வேல செய்யணும்னு பாத்துக்கற அமைப்பு, யாருக்கும் ஏறல. நான்தான் கண்டுபிடிச்சேன், ஓபரான்ங்கறது ஒரு அபார்ட்மென்ட், ஆர்என்ஏ பாலிமரேஸ் மெட்ரோ வாட்டர் லாரி, ஆபரேட்டர் கேட்டு, ரிப்ரஸர் வாட்ச்மேன். வாட்ச்மேன் கேட்ட மறிச்சிட்டு உக்காந்திருந்தா லாரி உள்ள போக முடியாது. லாக்டோஸ் வந்து வாட்ச்மேன டீ குடிக்க கூட்டிட்டு போயிடுச்சுன்னா கேட்டு காலி, லாரி உள்ள போயி இசட், ஒய், ஏனு மூணு வீட்டுக்கும் தண்ணி விடும், அதாவது அந்த மூணு ஜீன்ல இருந்து பீட்டா கேலக்டோசிடேஸ், பெர்மியேஸ், டிரான்ஸ்அசிட்டைலேஸ்னு மூணு புரதம் உருவாகும். லாக்டோஸ் தீந்தா வாட்ச்மேன் திரும்ப வந்துடுவாரு. எல்லாரும் கை தட்டினாங்க, நானே எனக்கு டீச்சர் வேலை கெடச்ச மாதிரி நெனச்சுக்கிட்டேன். ரிவிஷன் டெஸ்ட்ல அந்த கேள்வியே வந்துச்சு. எழுத உக்காந்தா எனக்கு வாட்ச்மேன் ஞாபகம் இருக்கு, டீ ஞாபகம் இருக்கு, வாட்ச்மேனோட நெஜ பேரு வரல. ரெகுலேட்டர் ஜீன்தான் ரிப்ரஸர உண்டு பண்ணுதுங்கற வரியே எழுதல, ஏன்னா என் கதைல வாட்ச்மேன எந்த ஏஜென்சி அனுப்புச்சுன்னு நான் சொல்லவே இல்ல. அஞ்சுக்கு ரெண்டு. அதுல இருந்து கத சொன்னவளே கடைசில கதைய தூக்கி போட்டுட்டு, அதே விஷயத்த புக்கு வார்த்தைல ஒரு தடவ திரும்ப சொல்லணும்னு வச்சோம். ஜேக்கப், மோனாட், 1961, ரெகுலேட்டர் ஜீன்ல ஆரம்பிச்சு வரிசையா. போர் அடிக்கும், ஆனா மார்க் அங்கதான் இருக்கு.

பேப்பர் திருத்தறதும் அப்படித்தான். சனிக்கெழம ஒரு பழைய கொஸ்டின் பேப்பர், மூணு மணி நேரம், அப்புறம் மாத்தி திருத்தறது. குண்டூசி கைல பேப்பர் போச்சுன்னா செத்தோம், ஒரு பாகத்துக்கு பேரு குறிக்கலன்னா அரை மார்க், கோடு படத்த தொடலன்னா அரை மார்க். அவ கிட்ட அழுது சண்ட போட்டிருக்கேன். ஆனா பப்ளிக்ல என் படம் எல்லாம் சுத்தமா இருந்ததுக்கு அவதான் காரணம். இன்னொண்ணு, எங்க தாவரவியல் புக்குல சூலுக்குள்ள இருக்கறதுக்கும் கருப்பைனு பேரு, விலங்கியல்ல கர்ப்பப்பைக்கும் கருப்பைனு பேரு, மைக்கு ஒரு டெஸ்ட்ல செடியோட கருப்பைக்கு எண்டோமெட்ரியம் (கர்ப்பப்பையோட உள் சுவர்) வரைக்கும் எழுதிட்டா. அத திருத்தின குண்டூசி ஓரத்துல "செடிக்கு எத்தன மாசம்?"னு எழுதி குடுத்தா.

இனிமே சொல்ல போறத எழுதலாமா வேணாமானு யோசிச்சேன். குண்டூசிகிட்ட கேட்டுட்டுதான் எழுதறேன்.

ஜனவரி கடைசி. ராத்திரி பத்தர மணி, குரூப்ல குண்டூசி ஒரு கேள்வி போட்டா: அப்பா ஏபி, அம்மா பி, புள்ளைக்கு ஓ வருமா? எங்களுக்கு மரபியல்ல அப்ப நல்லா கை பழகி இருந்த நேரம். கேள்விக்கு கேள்விதான் போடணும்ங்கற ரூல் எல்லாம் மறந்து போச்சு, யாரு ஃபர்ஸ்ட் சொல்றதுன்னு போட்டி. ஒருத்தி "வராது". இன்னொருத்தி "சான்ஸே இல்ல". மைக்கு வாய்ஸ் நோட், "ஏபி அப்பாகிட்ட இருந்து ஏவோ பியோ ஒண்ணு வந்தே தீரும், ஓ-க்கு ரெண்டு பக்கமும் சின்ன ஐ, அதான் ஏவும் இல்லாத பியும் இல்லாத ஜீன், வேணும், அதனால ஏ, பி, ஏபி மூணுதான், ஓ ஜீரோ பர்சென்ட்." நான் கட்டம் போட்டு போட்டோவே அனுப்பினேன், கீழ ரெண்டு கோடு வேற இழுத்து. ரெண்டு நிமிஷத்துல நாலு பதில். அவ பாத்துட்டா, நீல டிக் வந்துச்சு. ஒண்ணும் போடல.

மறுநாள் ஸ்கூலுக்கு வரல. சாயங்காலம் வீட்டுக்கு போனேன். கட்டில்ல உக்காந்திருக்கா, பக்கத்துல அவ ஸ்கூல் ஐடி கார்டு, ஓ பாசிட்டிவ்னு போட்டது. அவங்க அப்பா ஆட்டோ ஓட்டறாரு, வருஷத்துக்கு ரெண்டு மூணு தடவ ரத்தம் குடுப்பாரு, அந்த டோனர் கார்டுல ஏபி பாசிட்டிவ். அம்மாவுக்கு பி, அவங்க பிரசவ நோட்டுல இருக்கு. மடில கல்யாண ஆல்பம். ராத்திரி பூரா அப்பா மூக்கையும் அவ மூக்கையும் போன் கேமரால வச்சு வச்சு பாத்திருக்கா. "என் மூக்கு யாருது டி?"ன்னு கேட்டா.

நான் அங்கயும் முட்டாள்தனம்தான் பண்ணேன். சமாதானம் சொல்றேன்னு பாம்பே பிளட் குரூப் கதைய ஆரம்பிச்சேன், 1952ல பம்பாய்ல கண்டுபிடிச்சது, ஹெச் ஆன்டிஜன் (ரத்த செவப்பணு மேல ஏ, பி உருவாக அடிப்படையான பொருள்) இல்லாதவங்களுக்கு ஏ, பி ஜீன் இருந்தாலும் டெஸ்ட்ல ஓ மாதிரி காட்டும்னு. அது உண்மைதான், ஆனா ரொம்ப ரொம்ப அபூர்வம், அதயும் சேத்து சொல்லிட்டேன். அவ இன்னும் அழுதா. அப்புறம்தான் எனக்கு ஒண்ணு தோணுச்சு, தாத்தா மாடில கேக்கற மாதிரி. "சரி, உனக்கு ஓ-ன்னு யாரு டெஸ்ட் எடுத்தா?"

அவளுக்கு தெரியல. ரத்தம் எடுத்த ஞாபகமே இல்ல. கிச்சன்ல இருந்து அவங்க அம்மாவ கூப்பிட்டு சும்மா கேக்கற மாதிரி கேட்டோம். அவங்க வெங்காயம் உரிச்சிட்டே சொன்னாங்க, "அதுவா, ஆறாவது சேக்கும்போது ஃபாரத்துல கட்டம் காலியா இருந்துச்சு, உன் பெரியம்மா பொண்ணுக்கு ஓ தானே, நம்ம வீட்டு புள்ளைக்கும் அதான் இருக்கும்னு போட்டேன். ஏன், கேக்கறாங்களா?"

மறுநாள் தெரு முனை லேபுக்கு நான்தான் கூட போனேன். வெள்ளை ஓட்டுல மூணு சொட்டு ரத்தம், மூணுலயும் மருந்து விட்டு குச்சியால கலக்கினாரு. ஆன்டி ஏ விட்ட சொட்டு அப்படியே வழவழன்னு இருந்துச்சு. ஆன்டி பி விட்டது கண்ணு முன்னாடி பால் திரியற மாதிரி திட்டு திட்டா ஆச்சு. பாசிட்டிவா நெகட்டிவான்னு பாக்கற ஆன்டி டி விட்டதும் அதே மாதிரி திரிஞ்சுது. பி பாசிட்டிவ். குண்டூசி அந்த ஓட்டையே பாத்துட்டு இருந்தா, அப்புறம் லேப்காரர் கிட்ட "அண்ணா, ஒரு போட்டோ எடுத்துக்கவா?"ன்னு கேட்டு எடுத்துக்கிட்டா. அவங்க அப்பாவுக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது.

அதுக்கப்புறம் சொந்த குடும்பத்து ரத்த வகைய வச்சு கணக்கு போடறது எங்களுக்குள்ள தடை. உங்க வீட்லயும் யாராவது பசங்க மரபியல் படிக்கறாங்கன்னா மொதல்ல அந்த ஐடி கார்டுல போட்டிருக்கறது டெஸ்ட் எடுத்ததா, ஃபாரம் நெரப்பினதான்னு கேட்டு வச்சுக்கோங்க, பரீட்சைக்கு மட்டும் இல்ல, ஆஸ்பத்திரிக்கும் அதான் நல்லது. அப்புறம் ராத்திரி பத்தர மணிக்கு ஒருத்தி ஒத்த வரில கேள்வி போட்டா, பதில் தெரிஞ்சாலும் மொதல்ல போன் பண்ணுங்க.

எல்லாமே நல்லா நடந்துச்சுன்னு சொல்லல. பிப்ரவரில தாத்தா ரெண்டு நாள் மாடிக்கு வரல. "எல்லாருக்கும் நானே சொல்லிட்டு இருக்கேன், எனக்கு யாரு டி சொல்றா?"ன்னா. நியாயம்தான். நல்லா படிக்கறவள நாங்க ஓசி டியூஷன் மாதிரி வச்சிருந்தோம். ஒரு வாரம் அவ சும்மா உக்காந்து கேள்வி மட்டும் கேக்கட்டும், நாங்க நாலு பேரும் அவளுக்கு வராத பிளாண்ட் பிரீடிங்கும் எக்கனாமிக் பாட்டனியும் நடத்தறோம்னு சொன்னோம். நடத்தினோம், ரொம்ப மோசமா. அவ திருத்தி திருத்தியே படிச்சுட்டா. அஞ்சாவது பொண்ணு ஒருத்தி இருந்தா, அவள பத்தி நான் எதுவும் எழுதல பாருங்க, அவ பேசவே மாட்டா, ஆனா ஒரு நாள் கூட லீவ் போட்டதில்ல, பப்ளிக்ல எங்க எல்லாரையும் விட பயாலஜில அவதான் அதிகம். எனக்கு தியரில 61.

பரீட்சை அன்னிக்கு கொஸ்டின் பேப்பர் படிக்கறதுக்குன்னு பத்து நிமிஷம் குடுப்பாங்க இல்ல, அதுல அஞ்சு மார்க் கேள்வி ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல யாரு அத மாடில கேட்டாங்கறது எனக்கு தோணுச்சு. அத நம்பி எழுதினேன்.

இப்ப நான் லேப் டெக்னாலஜி படிக்கறேன், கடைசி வருஷம். எதனால அந்த கோர்ஸ்னு யாராவது கேட்டா ஸ்கோப் இருக்குன்னு சொல்லிக்கறது. கீழ் வீட்டு பொண்ணு இந்த வருஷம் பிளஸ் டூ, போன வாரம் புக்கோட மேல வந்து, "அக்கா, முதல்நிலை அண்ட செல் எதுல நிக்கும், புரோஃபேஸ் 1ஆ மெட்டாஃபேஸ் 2ஆ?"ன்னு கேட்டா. எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துடுச்சு. அடக்கிக்கிட்டு, "முதல் பிரிவு முடியாம இரண்டாம்நிலை செல் வருமா, நீயே சொல்லு"ன்னேன். என்னயே கொஞ்ச நேரம் பாத்தா.

"தெரியலன்னா தெரியலன்னு சொல்லிடுங்க அக்கா, நான் யூடியூப்ல பாத்துக்கறேன்"னுட்டு புக்க மூட போனா. கைய புடிச்சு உக்கார வச்சிருக்கேன்.